காவிரிக்கு பிரெய்டா, நைலான் நரம்பா? பாறைக்கு ஒரு பதில், மணலுக்கு ஒரு பதில்

பவானிக்கரை | மார்ச் 9, இரவு 9:40

நெரிஞ்சிப்பேட்டைக்கும் ஊராட்சிக்கோட்டைக்கும் நடுவுல, கரையில இருந்து தூண்டில் போடறதுக்கு லைன் மாத்தணுங்க. 8 அடி ராடு, 4000 சைஸ் ரீலு, ஸ்பூல்ல 0.35/150ன்னு (0.35 மி.மீ. லைன் 150 மீட்டர் பிடிக்கும்) போட்டிருக்கு. இப்ப அதுல 0.35 நைலான் நரம்பு ஃபுல்லா இருக்கு. கெண்டை, கட்லாவுக்கு மாவு, அப்பப்ப வாளைக்கு லூர் (பொய் இரை). கடையில 30 பவுண்டு பிரெய்டை (பின்னல் லைன்) எடுத்து வெச்சு "இது அறுக்கவே அறுக்காது"ங்கறாங்க. என் கணக்கு இதுதான்: நரம்பு 25 சதம் இழுபடும். 40 மீட்டர்ல மீன் கடிச்சா நான் 10 மீட்டர் இழுத்தாத்தான் முள் ஏறும். அப்ப பிரெய்டுதானே சரி?

ஈயக்குண்டு | மார்ச் 9, இரவு 10:15

"அறுக்கவே அறுக்காது" என்பது கடையில் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்வது. பாறை விளிம்பில் வைத்து இழுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் பேச்சை மாற்றிவிடுவார்.

பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் நுண்ணிழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த பின்னல். ஒவ்வொரு நுண்ணிழையும் மயிரைவிட மெல்லியது. 30 பவுண்டு பிரெய்டு சுமார் 0.20 மி.மீ.தான் வரும். விறைப்பாக நிற்கும்போது பாறையின் கூர் விளிம்பு பட்டால் இழைகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு ஒரே நொடியில் போய்விடும். நைலான் ஒரே திடமான கம்பி. மேலே கீறல் விழுந்தாலும் உள்ளே சதை மிச்சம் இருக்கும், கொஞ்சம் இழுபட்டும் கொடுக்கும். நீங்கள் சொல்லும் பகுதியில் கதவணைகளுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் முழுக்கப் பாறைதான். அங்கே வெறும் பிரெய்டு மட்டும் கட்டினால் மீனோடு ஈயமும் போகும்.

கணக்கன் | மார்ச் 10, காலை 6:50

பவானிக்கரை, அந்த 10 மீட்டரை முதலில் அடியுங்கள். 25 சதம் என்பது நரம்பு அறுகிற கட்டத்தில் வரும் நீட்சி. 8 அடி ராடை ஓங்கி இழுத்தால் லைனில் விழும் விசை ஏறத்தாழ 1 கிலோதான். 0.35 நைலானில், அதுவும் நனைந்த நிலையில், 1 கிலோவுக்கு 5 முதல் 8 சதம் நீளும். அதாவது 40 மீட்டருக்கு 2, 3 மீட்டர். பிரெய்டில் அதே விசைக்கு அரை மீட்டர்கூட வராது.

வித்தியாசம் பெரிதுதான், ஆனால் முள் ஏறாததற்கு முக்கியக் காரணம் நீட்சி இல்லை. ஓட்டம் லைனை வில்லாக வளைத்து வைத்திருக்கும். அந்தத் தொய்வு 3, 4 மீட்டர் இருந்தால் ராடைத் தூக்கும் அசைவு முழுக்க அதை நிமிர்த்துவதிலேயே செலவாகிவிடும். கடி தெரிந்ததும் வேகமாக ரீலைச் சுற்றி, எடை கையில் தெரிந்த பிறகு ராடைப் பக்கவாட்டில் இழுத்தால் நைலானிலும் முள் ஏறும்.

மூங்கில்கழி | மார்ச் 10, காலை 7:05

12 அடி மூங்கில் கழி, அதே நீளத்துக்கு நரம்பு, மயிலிறகுத் தக்கை. நீட்சி சதவீதம் கேட்டு எந்தக் கெண்டையும் வந்ததில்லை.

ஈயக்குண்டு | மார்ச் 10, இரவு 9:20

கழிக்காரர் ஜோக்குக்குச் சொன்னாலும் விஷயம் உண்டு. கரையோரம் 5 மீட்டருக்குள் தக்கை போட பிரெய்டு எதற்கும் உதவாது. காற்றில் பறந்து கழி நுனியில் சுற்றிக்கொள்ளும். கைலைன் ஆட்களுக்கும் இதையே சொல்லுவேன். பாட்டிலில் சுற்றி வீசுகிறவர்கள் 0.60 நைலானை விட்டு மாறவேண்டாம். பிரெய்டு விரலை பிளேடு மாதிரி வெட்டும். அடியில் மாட்டிய பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றி, ராடைக் கீழே வைத்துவிட்டு, லைன் போகும் நேர்க்கோட்டிலேயே பின்னால் நடக்க வேண்டும்.

தூரமும் ஓட்டமும் சேரும்போதுதான் பிரெய்டுக்கு வேலை வருகிறது.

கணக்கன் | மார்ச் 11, மதியம் 1:30

ஓட்டத்துக்கு எண் வேண்டுமா? நொடிக்கு 1 மீட்டர் ஓட்டம், அதற்குக் குறுக்கே 10 மீட்டர் லைன் நிற்கிறது என்று வையுங்கள். 0.35 நைலான்மீது விழும் தள்ளல் சுமார் 200 கிராம். 0.20 பிரெய்டில் 120 கிராம். தள்ளல் தடிமனுக்கு நேர்விகிதம், வேகத்துக்கோ இருமடி. ஓட்டம் இரட்டித்தால் 800, 480 என்று போகும். அதனால்தான் தண்ணீர் ஏறும்போது ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் நிற்காமல் உருண்டு கரைக்கே வருகிறது. ராடை நிமிர்த்தி வைத்து, லைன் தண்ணீரைத் தொடும் நீளத்தைக் குறைப்பது செலவில்லாத வழி. லைனை மெலிதாக்குவது செலவுள்ள வழி.

பவானிக்கரை | மார்ச் 11, இரவு 8:55

சரிங்க, அப்ப பாறைக்கு நைலான், ஓட்டத்துக்கு பிரெய்டு. எங்க ஊர்ல ரெண்டும் ஒரே எடத்துல இருக்கே!

ஈயக்குண்டு | மார்ச் 11, இரவு 9:30

அதற்குத்தான் லீடர். ரீலில் பிரெய்டு, முன்னால் தடித்த நைலான். பிரெய்டு தூரத்தையும் ஓட்டத்தையும் பார்த்துக்கொள்ளும், லீடர் பாறையைப் பார்த்துக்கொள்ளும். மெயின் லைனை ஆற்றின் அகலத்துக்கும் வேகத்துக்கும் தேர்ந்தெடுங்கள், லீடரை அடித்தரைக்கு. இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் இந்தச் சண்டை எங்கேயும் முடிவதில்லை.

உங்கள் பகுதிக்கு பி.இ. 1.5 பிரெய்டு (பி.இ. என்பது பிரெய்டின் தடிமன் எண்), லீடர் 0.45 நைலான், 4 முதல் 5 மீட்டர். ராடு நீளத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பாறையில் உரசுவது ஈயத்துக்கு மேலே முதல் மூன்று நான்கு மீட்டர்தான். கடையில் விற்கும் 30 செ.மீ. லீடர் வாளையின் பல்லுக்கு வேண்டுமானால் உதவும், பாறைக்கு உதவாது. பல் என்றதும் ஞாபகம் வருகிறது: வாளைக்கு 0.45 போதாது. அதன் வாய் முழுக்கப் பொடிப் பற்கள், அரம் போலத் தேய்க்கும். லூர் போடும் நாளில் நுனியில் 0.70 நைலான் 40 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கன் | மார்ச் 12, காலை 7:10

ஸ்பூலில் இருக்கும் நைலானைத் தூக்கிப் போடவேண்டாம். அதுவே பேக்கிங், அதாவது பிரெய்டுக்கு அடிச்சுற்று. 0.35-இன் இருமடி 0.1225. பி.இ. 1.5 என்பது 0.205 மி.மீ., அதன் இருமடி 0.042. விகிதம் 2.9. ஆகவே 150 மீட்டர் பிரெய்டு பிடிக்கும் இடம், 52 மீட்டர் நைலான் பிடிக்கும் இடம்தான். ஸ்பூல் நிறைந்திருந்தால் 52 மீட்டரை உருவி வெட்டிவிட்டு அந்த முனையில் பிரெய்டைக் கட்டுங்கள். டபுள் யூனி முடிச்சு, நைலான் பக்கம் 5 சுற்று, பிரெய்டு பக்கம் 8 சுற்று.

பேக்கிங் வெறும் சிக்கனத்துக்கு இல்லை. வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேராகக் கட்டினால் மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூல்மீது சுழன்றுகொண்டே இருக்கும். டிராக் (மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) கெட்டுப்போனது என்று ரீலைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

ஈயக்குண்டு | மார்ச் 12, இரவு 10:00

52 என்பது தாளில் சரி. பிரெய்டு உருண்டை இல்லை, சப்பை. சுற்றுக்கு நடுவில் காற்றும் தண்ணீரும் இருக்கும். மலிவான பிரெய்டில் 1.5 என்று போட்டு 2-இன் தடிமன் இருக்கும். 60 மீட்டரை உருவுங்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கவேண்டும். நிறைத்துச் சுற்றினால் முதல் வீச்சிலேயே ஒரு கொத்தாக வெளியே வந்து கூடு கட்டிவிடும்.

சுற்றும்போது ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்றவேண்டும். தளர்வாகச் சுற்றிய பிரெய்டில், பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச்சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் லூர் பாதித் தூரத்தில் சடாரென்று நிற்கும், அல்லது அறுந்து தனியாகப் பறக்கும்.

முக்கொம்பு மணல் | மார்ச் 14, இரவு 11:10

கொள்ளிடம் பக்கம் இருந்து. நீங்க எல்லாரும் பாறையவே சுத்திச்சுத்தி வர்றீங்க. இங்க மணல்தான். முக்கொம்புக்குக் கீழ ஆறு கிடக்கிற அகலத்துக்கு தூரமா வீசுனாத்தான் ஆழமே கிடைக்கும். பி.இ. 1, லீடர் 0.33 ஒன்றரை மீட்டர், அவ்வளவுதான். மணல்ல ரெண்டு விஷயம் பார்த்துக்கணும். ஒண்ணு, நத்தை, மட்டி ஓடு. உடைஞ்ச ஓட்டு விளிம்பு கண்ணாடிச் சில்லுக்குச் சமம். ரெண்டாவது, வெள்ளத்துல வந்து மணல்ல புதைஞ்ச சீமைக்கருவேல மரம். நைலான் கிளை மேல வழுக்கும், பிரெய்டு மரத்துக்குள்ள அறுத்துக்கிட்டு இறங்கி மாட்டிக்கும்.

இன்னொண்ணு, பிரெய்டை மணல்ல போட்டு வைக்காதீங்க. பின்னலுக்குள்ள மண் புகுந்து ராடு வளையங்களைத் தேய்ச்சுடும்.

பவானிக்கரை | மார்ச் 16, இரவு 9:15

பிரெய்டு மாத்தியாச்சு. ஸ்விவல்ல (லைன் முறுக்காம சுழலற இணைப்பு) வழக்கமான கிளிஞ்ச் முடிச்சு போட்டேன், இழுத்தா அப்படியே உருவிட்டு வருது. லீடர் முடிச்சும் ராடு வளையத்துல டக் டக்குன்னு இடிக்குதுங்க.

ஈயக்குண்டு | மார்ச் 16, இரவு 9:50

நைலானுக்கு 5 சுற்று கிளிஞ்ச் சரி. பிரெய்டு வழுக்கும், அது பிடிக்காது. பிரெய்டை நேராக எதிலும் கட்டுவதானால் பாலோமர் முடிச்சு. லைனை இரட்டையாக மடித்து ஸ்விவலின் கண்ணில் நுழைத்து, தளர்வாக ஒரு முடி போட்டு, அந்தக் கண்ணிக்குள் ஸ்விவலை விட்டு, நனைத்து, இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்குங்கள். வால் 3 மி.மீ. விடுங்கள். நெருப்பு வைக்காதீர்கள். பிரெய்டு 150 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும், சூடு முடிச்சுக்குள் போனால் அங்கேயே அறும்.

லீடரைப் பிரெய்டோடு சேர்க்க எஃப்ஜி முடிச்சு. பிரெய்டை விறைப்பாகப் பிடிக்க வேண்டும்: ஒரு முனை பல்லில், மறுமுனை ராடின் விறைப்பில். லீடரை அதன் குறுக்கே ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று மாற்றி மாற்றி 20 முறை. பிறகு பிரெய்டு வாலால் இரண்டையும் சேர்த்து இரண்டு அரை முடி. எச்சில் தொட்டு முழு பலத்தோடு இழுங்கள். சுற்றுகள் இறுகும்போது பிரெய்டின் நிறம் கருத்துத் தெரியும். கருக்கவில்லை என்றால் இறுகவில்லை, மீன் வந்ததும் உருவிக்கொள்ளும். பெரும்பாலான எஃப்ஜி தோல்விக்குக் காரணம் இந்த ஓர் இழுப்பு போதாததுதான். அதன்பிறகு லீடர் வாலை ஒட்ட வெட்டி, மெயின் லைன்மேல் நாலைந்து அரை முடி போட்டு முடியுங்கள்.

மூங்கில்கழி | மார்ச் 16, இரவு 10:20

பல்லு இல்லாதவன் எஃப்ஜி எப்படிப் போடறது?

ஈயக்குண்டு | மார்ச் 16, இரவு 10:24

டபுள் யூனி போடுங்கள். கொஞ்சம் தடிக்கும், வளையத்தில் இடிக்கும், ஆனால் நிற்கும்.

கணக்கன் | மார்ச் 17, காலை 6:40

இடிப்பதற்கு லீடர் நீளமும் காரணம். 5 மீட்டர் லீடர் என்றால் முடிச்சு ஸ்பூலுக்குள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு வீச்சிலும் எல்லா வளையத்தையும் கடக்கும். தூரம் கொஞ்சம் போகும். தண்ணீர் உயரமாக இருந்து பாறை மூழ்கியிருக்கும் மாதங்களில் 2 மீட்டருக்குக் குறைத்து, முடிச்சை நுனி வளையத்துக்கு வெளியே தொங்கவிட்டு வீசலாம்.

வளையங்களையும் ஒருமுறை சோதியுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றினால், கீறல் உள்ள இடத்தில் பஞ்சு மாட்டும். உள்ளே பீங்கான் இல்லாத வெறும் கம்பி வளையத்தில் பிரெய்டு பள்ளம் அறுக்கும். பிறகு அந்தப் பள்ளமே பிரெய்டை அறுக்கும்.

ஈயக்குண்டு | மார்ச் 22, இரவு 9:05

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்கவேண்டும். பிரெய்டு பாறையில் நிற்காது என்பது மெல்லிய பிரெய்டைத் தடித்த நைலானோடு ஒப்பிடும்போது. 0.20 பிரெய்டையும் 0.35 நைலானையும் மோதவிட்டால் நைலான் வெல்லும். ஒரே தடிமன் வைத்துப் பார்த்தால் கதை வேறு. பி.இ. 4, அதாவது 0.33 மி.மீ., வழவழப்பான உருண்டைக் கல்லில் நன்றாகவே தாங்கும். உடைகல், வெடிவைத்த கல், கான்கிரீட் விளிம்பு இவைதான் எமன். ஆற்றில் உருண்டு வந்த கல்லுக்கும் கதவணை கட்டும்போது போட்ட கல்லுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

முக்கொம்பு மணல் | ஏப்ரல் 2, இரவு 10:30

பி.இ. 4ன்னதும் விரால் ஞாபகம் வருது. குளத்துல தாமரை, ஆகாயத்தாமரை நடுவுல தவளை லூர் போடறவங்களுக்கு இந்த விவாதமே கிடையாது. லீடர் வேண்டாம், பிரெய்டை நேரா பாலோமர். தண்ணியவிட எடை கம்மி, அதனால மிதக்கும், தவளை மூக்கு கீழ இறங்காது. நைலான் மெல்ல அமிழ்ந்து தண்டுல சிக்கும். விரால் அடிச்சதும் உள்ள ஓடும். பிரெய்டு தண்டை அறுத்துக்கிட்டே வெளிய கொண்டுவரும். செவப்பா குஞ்சுக் கூட்டம் மேல வந்து மூச்சு விடற எடத்துல மட்டும் போடாதீங்க. காவல் நிக்கிற தாயைப் பிடிச்சா மத்த மீன் ஒரே நாள்ல மொத்தக் குஞ்சையும் தின்னுடும்.

பவானிக்கரை | ஏப்ரல் 6, இரவு 8:20

பிரெய்டுல கடி நல்லா தெரியுதுங்க, ஈயம் கல்லுல உக்கார்றதுகூட கைக்குத் தெரியுது. ஆனா கட்லா முள் ஏறி பாதி வழியில கழண்டுக்குது. நைலான்ல இவ்வளவு கழண்டதில்ல.

ஈயக்குண்டு | ஏப்ரல் 6, இரவு 9:10

எதிர்பார்த்ததுதான். கட்லா வாயில் எலும்பு குறைவு, உதடு மெத்து. நைலானில் அதன் தலையாட்டலை நீட்சி விழுங்கிவிடும். பிரெய்டில் ஒவ்வொரு ஆட்டலும் நேராக முள்ளில் விழுந்து துளையைப் பெரிதாக்கும், பிறகு கொஞ்சம் தொய்ந்தாலும் முள் விழுந்துவிடும். ஓங்கி இழுக்காதீர்கள், ராடைத் தூக்கினால் போதும். டிராக்கைக் குறையுங்கள். லீடர் 0.45 என்றால் சுமார் 10 கிலோ, முடிச்சுக்கு 20 சதம் கழித்தால் 8. அதில் நாலில் ஒரு பங்கு 2 கிலோ. கட்லாவுக்கு அதையும் ஒன்றரைக்கு இறக்குங்கள். கையால் இழுத்து உத்தேசம் பார்க்கவேண்டாம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை லைன் நுனியில் மாட்டி, ராடு வளைந்த நிலையில் இழுத்து, ஸ்பூல் சுழலத் தொடங்கும் எண்ணைப் படியுங்கள்.

மாவு மட்டுமே போடும் ராடு என்றால், உண்மையைச் சொன்னால், அதில் நைலானே இருக்கட்டும். லூர் ராடுக்கு பிரெய்டு.

பவானிக்கரை | ஏப்ரல் 6, இரவு 9:18

இதை மார்ச் 9-ஆம் தேதியே சொல்லியிருக்கலாம்ல அண்ணா.

மூங்கில்கழி | ஏப்ரல் 6, இரவு 9:25

சொன்னேனே. ராடுன்னு சொல்லல, கழின்னு சொன்னேன்.

கணக்கன் | ஏப்ரல் 19, மதியம் 2:45

சந்தையில் வரும் போலி பிரெய்டுக்கு ஒரு சோதனை. 5 செ.மீ. வெட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, டம்ளர் அடிவரை அமுக்கி விடுங்கள். அசல் பாலிஎத்திலீன் அடர்த்தி 0.97, மேலே வந்துவிடும். நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38, இரண்டும் கீழே கிடக்கும். சோப்பு எதற்கென்றால், இல்லாவிட்டால் இழையில் ஒட்டும் காற்றுக் குமிழி எதையும் தூக்கிவிடும். ஃப்ளூரோகார்பன் என்ற இன்னொரு வகை லைனும் இந்தக் கணக்கில் 1.78, கல் மாதிரி இறங்கும். காவிரி கலங்கி ஓடும்போது அதன் தண்ணீருக்குள் "தெரியாத" குணத்துக்குக் காசு கொடுப்பது வீண். தேய்மானத்துக்கு மட்டும் வேண்டுமானால் வாங்கலாம். முடிச்சை நனைக்காமல் இறுக்கினால் வெடித்துவிடும்.

முக்கொம்பு மணல் | ஜூன் 14, இரவு 9:40

மேட்டூர் வழக்கமா திறக்கறது ஜூன் 12. தண்ணி வந்தா இந்தப் பேச்சு எல்லாம் மாறும். செத்தையும் பாசியும் லைன்ல மாட்டும். பிரெய்டுல பாசி பின்னலோட ஒட்டி வழிச்சாலும் போகாது. நைலான்ல விரலால உருவினா வந்துடும்.

ஈயக்குண்டு | ஜூன் 14, இரவு 10:10

செத்தை வரும் நாளில் மெல்லிய லைன் என்ற கணக்கே பொய்த்துவிடும். லைனில் ஒரு கைப்பிடிப் பாசி சேர்ந்தால் 0.20-க்கும் 0.35-க்கும் வித்தியாசமில்லை. கதவணைகளுக்குக் கீழே இந்த மாதங்களில் பாறைமேல் ஏறி நிற்கவும் வேண்டாம். மின் உற்பத்திக்கு ஷட்டரைத் திறந்தால் நிற்கும் இடமே தீவாகிவிடும். ஒகேனக்கல் பக்கம் போகிறவர்களுக்கும் ஒன்று: சரணாலய எல்லைக்குள் எந்த லைனும் கிடையாது. வெளியே மாசீர் மாட்டினாலும் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விடுங்கள்.

பவானிக்கரை | ஜூலை 20, இரவு 9:00

ஆடிக் காத்துல பிரெய்டு முடிச்சு முடிச்சா வருதுங்க. வீசும்போதே கொத்தா.

கணக்கன் | ஜூலை 21, காலை 6:30

வீசியதும் ரீலின் கம்பியை (லைனை ஸ்பூலுக்கு வழிநடத்தும் வளைகம்பி) கைப்பிடி சுற்றி மூடாதீர்கள். கையால் மூடி, லைனை ஒரு தடவை இழுத்து விறைப்பாக்கி, பிறகு சுற்றுங்கள். அந்த ஒரு தளர்ந்த கண்ணிதான் அடுத்த வீச்சில் கொத்தாக வருகிறது. காற்றுக்கு எதிரே எடை குறைந்த லூர் வேண்டாம், 15 கிராமுக்கு மேல் போடுங்கள். கொத்து விழுந்தால் இழுக்காமல் தையல் ஊசியால் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் பத்தில் ஏழு அவிழும். இழுத்துவிட்டால் கத்திரிக்கோல்தான்.

வெட்டியதை ஆற்றில் போடாதீர்கள். நீர்க்காகம் காலில் சுற்றிக்கொண்டு கிளையில் தொங்கிச் சாகும்.

மூங்கில்கழி | ஜூலை 21, காலை 7:00

பழைய நைலான் புடலைப் பந்தலுக்கு ஆகும். பிரெய்டைக் கட்டினா காய் கனத்துல கொடியே அறுபடும்.

பவானிக்கரை | ஆகஸ்ட் 3, இரவு 8:45

முன்பக்கம் 30 மீட்டர் நூல் நூலா பிசிறு விட்டுருச்சு. புதுசு வாங்கணுமா? வாங்கினா 4 இழையா, 8 இழையா?

ஈயக்குண்டு | ஆகஸ்ட் 3, இரவு 9:30

வாங்கவேண்டாம், திருப்பிச் சுற்றுங்கள். 150-இல் பின்பக்கம் 100 மீட்டர் வெளிச்சமே பார்த்திருக்காது. இன்னொரு ஸ்பூலுக்கு மாற்றி, அதிலிருந்து மறுபடி ஒன்றுக்கு மாற்றி, இரண்டாம் முறையும் சுற்றினால்தான் முனை மாறும். ஒரே முறை மாற்றினால் பழைய முனை அடியில் போய்ப் புதியது மேலே வரும், அதுவே போதும் என்றால் வேறு ஸ்பூல் இருக்கவேண்டும். பிசிறு விட்ட 30 மீட்டரை முதலிலேயே வெட்டிவிடுங்கள்.

கணக்கன் | ஆகஸ்ட் 3, இரவு 9:41

குழப்பாதீர்கள். ஒரு மாற்று முனையைத் திருப்பும், இரண்டு மாற்று பழையபடி கொண்டுவந்துவிடும். ஆகவே மாற்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கவேண்டும். ஒரே ரீல்தான் என்றால் மைதானத்தில் முழு நீளத்தையும் விரித்துவிட்டு, மறுமுனையில் இருந்து சுற்றுங்கள்.

ஈயக்குண்டு | ஆகஸ்ட் 3, இரவு 9:48

கணக்கன் சொன்னதே சரி. அடுத்து வாங்கும்போது பாறைக்கு 4 இழை. ஒவ்வொரு இழையும் தடிப்பு, உரசல் தாங்கும், விலையும் குறைவு. வளையத்தில் சத்தம் போடும், தூரம் கொஞ்சம் குறையும். 8 இழை வழவழப்பு, மணல்காரர்களுக்கு. நிறத்துக்கு இன்னொரு விவாதம் திறக்கவேண்டாம். எந்த நிறமானாலும் நுனி 2 மீட்டரைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிடுங்கள்.